கன்று போடும் காலத்தில் மாட்டுக்குக் கொழுப்புத் தீன்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பலகாமத்தில் ஆறு கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். காலையில் பால் ஊற்றப் போகும் இடத்தில் இந்தக் கேள்விகள் ஓயாமல் வருகின்றன. கன்று போடுவதற்கு மூன்று கிழமை முன்பிருந்து போட்டு மூன்று கிழமை வரைக்கும் உள்ள காலம்தான் ஒரு பால் மாட்டின் வாழ்க்கையில் மிகச் சிக்கலானது. அந்த நேரத்தில் தெரியாமல் செய்யும் ஒரு பிழை அந்த வருடத்துப் பாலையே கொண்டுபோய்விடும். அதனால் கேட்டவர்களுக்குச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கன்று போட்ட மாட்டுக்குக் கொழுப்பு எதற்கு?

இளங்கொடி விழுந்து, கடும்புப் பால் கறந்து முடிந்த அடுத்த நாளே மடி முழு வேகத்தில் சுரக்கத் தொடங்கிவிடும். வயிறு அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. கன்று போடும் கடைசி நாட்களில் மாடு தின்னும் அளவில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் குறைந்துவிடுகிறது. பழையபடி தின்னப் பல கிழமை எடுக்கும். இடைப்பட்ட காலத்தில் பாலுக்குப் போகும் சக்தி, வாயால் வரும் சக்தியை விடக் கூட. மிச்சத்தை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் கொடுக்கிறது. இரண்டாம் மூன்றாம் கிழமையில் விலா எலும்பு எண்ணும்படி தெரிவது அதனால்தான்.

எடைக்கு எடை பார்த்தால் மாச்சத்தை விட இரண்டே கால் மடங்கு சக்தி கொழுப்பில் உண்டு. கொஞ்சமாகத் தின்னும் மாட்டுக்குக் கொஞ்சத்திலேயே நிறையச் சக்தி கொடுக்கலாம் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம். எண்ணம் சரி. ஆனால் எந்தக் கொழுப்பு, எந்த நாளில், எந்த மாட்டுக்கு என்று பார்க்காமல் கொடுத்தால் நன்மையை விடக் கெடுதல்தான் அதிகம்.

அப்படியென்றால் தேங்காய் எண்ணெய் பருக்கலாமா? ஊரில் எல்லாரும் பருக்குகிறார்களே.

வேண்டாம். இதை நான் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் செவலை இரண்டாம் கன்று போட்டபோது, "மெலிந்து போகுது, கொஞ்சம் எண்ணெய் கொடுப்பம்" என்று அப்பா ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயைத் தவிட்டில் கலந்து வைத்தார். ஆசையோடுதான் வைத்தார். முதல் இரண்டு நாளும் நக்கி நக்கித் தின்றது. மூன்றாம் நாள் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டது. நான்காம் நாள் சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். விரல் நீளத்துக்குப் புல் தண்டு, செரிக்காமல் அப்படியே கிடந்தது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. படுத்திருக்கும்போது அசை போடுவதும் வெகுவாகக் குறைந்திருந்தது. எண்ணெயை நிறுத்தி, பச்சைப் புல்லும் நல்ல வைக்கோலும் மட்டும் கொடுத்தோம். அசை திரும்ப ஒரு கிழமைக்கு மேல் ஆனது. பால் அந்தச் சுற்றில் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவே இல்லை.

காரணம் இதுதான். மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லையும் வைக்கோலையும் செரிப்பது அவைதான். எண்ணெய் போனால் நாரின் மேல் பூசிக்கொண்டு அவற்றை அண்ட விடாது; நாரை உடைக்கும் நுண்ணுயிர்களை நேராகவே தாக்கவும் செய்யும். எண்ணெய்களுக்குள்ளும் தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லோரிக் அமிலம் இந்த வேலையில் பலமானது. ஏற்கனவே குறைவாகத் தின்னும் மாட்டுக்கு அதைப் பருக்கினால், தின்னும் கொஞ்சமும் செரிக்காமல் போகும்.

நம் மாட்டுக்குத் தீனில் கொழுப்பே கிடைப்பதில்லையா?

கிடைக்கிறது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத விஷயம் இதுதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

கந்தளாய், தம்பலகாமம், மூதூர் என்று சுற்றிலும் வயல். அரிசி ஆலைத் தவிடு கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கிறது. உமி கலக்காத நல்ல தவிட்டில் 100க்கு 12 முதல் 18 வரை எண்ணெய் இருக்கும். செக்கிலோ இயந்திரத்திலோ ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் 6 முதல் 10 வரை. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ தவிடு, ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு, 30 கிலோ பச்சைப் புல் என்று வையுங்கள். தவிட்டால் சுமார் 260 கிராம், புண்ணாக்கால் 120 கிராம், புல்லால் 150 கிராம். எல்லாம் சேர்ந்து 530 கிராம் கொழுப்பு. தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் அந்த மாடு தின்னும் உலர் தீன் ஏறத்தாழ 9 கிலோதான். அதாவது 100க்கு 5.9 பங்கு ஏற்கனவே கொழுப்பு.

முதல் இரைப்பை தாங்கும் எல்லை 6, மிஞ்சினால் 7. நாம் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறோம். இதன் மேல் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று செவலை காட்டிவிட்டது.

குளிர் நாட்டுப் பண்ணைகளில் சோளமும் புல்லும் முக்கியத் தீன். அவற்றில் கொழுப்பு மிகக் குறைவு. அங்கே எழுதப்படும் அறிவுரையை அப்படியே தூக்கி நம் தொழுவத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

அப்போ பைபாஸ் கொழுப்பு என்று விற்பது என்ன?

முதல் இரைப்பையில் கரையாமல் தாண்டிப் போகும்படி செய்த கொழுப்பு. இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று, பாமாயில் கொழுப்பமிலத்தைக் கல்சியத்தோடு சேர்த்துச் செய்வது. வெளிர் மஞ்சள் நிறத்தில் ரவை போல இருக்கும், சவர்க்கார வாசம் அடிக்கும். வாசம் மட்டுமல்ல, வேதியியல் படி பார்த்தால் அது சவர்க்காரமேதான். முதல் இரைப்பையில் புளிப்பு குறைவு, அதனால் அங்கே அது உடையாது. நான்காம் இரைப்பையில் புளிப்பு மிக அதிகம். அங்கே கல்சியம் ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கமாகப் பிரியும். பிறகு குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாம் வகை, பால்மிட்டிக் அமிலம் நிறைந்த கெட்டிக் கொழுப்பைச் சிறு மணிகளாக்கியது. மாட்டின் உடம்புச் சூட்டில் உருகாது என்பதால் தாண்டிப் போகிறது.

பையில் இரண்டு எண்ணைத் தேடிப் பாருங்கள். கல்சிய வகை என்றால் கொழுப்பு 80 முதல் 85, கல்சியம் 8 முதல் 10 என்ற அளவில் இருக்க வேண்டும். கொழுப்பு 50, 60 என்று போட்டிருந்தால் மிச்சம் என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

கன்று போடுவதற்கு முன்னமே தொடங்கலாமா?

இதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. கன்று போட 10 நாள் இருக்கும்போதே 100 கிராம் அளவில் தொடங்கச் சொல்லும் பரிந்துரைகள் இந்தியாவில் உண்டு. மாடு அந்தச் சுவைக்குப் பழகும் என்பது ஒரு நன்மை. ஆனால் கல்சியக் கொழுப்பு மாட்டின் பசியைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். பசி ஏற்கனவே சரிந்துகொண்டிருக்கும் நாட்களில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பழக்க வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி, 25 முதல் 50 கிராம், போதும்.

கடைசி மூன்று கிழமையில் செய்ய வேண்டிய வேலை வேறு. தவிடு, புண்ணாக்கு போன்ற செறிவுத் தீவனத்தை அரைக் கிலோவில் தொடங்கி மெல்ல மெல்ல ஒன்றரை, இரண்டு கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். கன்று போட்ட பிறகு தின்னப் போகும் தீனுக்கு இரைப்பை அப்போதே பழகிவிடும். தொட்டி நிறையத் தண்ணீர், நிழல், நல்ல புல். சினை மாட்டை மற்ற மாடுகள் முட்டித் தள்ளாமல் தனியாகத் தின்ன விடுங்கள்.

மாடு மெலிந்திருக்கிறது, கன்று போட இன்னும் இரண்டு கிழமைதான். இப்போது கொழுப்புக் கொடுத்துத் தேற்றலாமா?

இரண்டு கிழமையில் தேறாது. உடம்பு தேற்றும் காலம் பால் வற்றப் போகும் கடைசி மாதங்கள். மிக மெலிந்ததுக்கு ஒன்று, மிகக் கொழுத்ததுக்கு ஐந்து என்று உடல்நிலைக்குப் புள்ளி போட்டால், கன்று போடும்போது 3 முதல் 3.5 இருக்க வேண்டும். கையைத் தட்டையாக விலாவின் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

மிகக் கொழுத்த மாட்டுக்கும் ஆபத்து உண்டு. அது கன்று போட்டதும் இன்னும் குறைவாகத் தின்னும்; உடம்புக் கொழுப்பு ஒரேயடியாகக் கரைந்து ஈரலில் போய்ப் படியும்.

கன்று போட்ட பிறகு எப்போது, எவ்வளவு?

முதல் இரண்டு மூன்று கிழமை அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அப்போது இரத்தத்தில் மாட்டின் சொந்தக் கொழுப்பே நிரம்பி ஓடுகிறது. ஈரல் அதைச் சமாளிக்கவே திணறும். வெளியிலிருந்து இன்னும் கொழுப்பைச் சேர்ப்பதில் பெரிய பயன் இல்லை. மாடு நன்றாகத் தின்னத் தொடங்கி, அசை போட்டு, சாணி ஒழுங்காகப் போகும்போது ஆரம்பியுங்கள்.

முதல் நாள் பைபாஸ் கொழுப்பு 50 கிராம். ஒரு கிழமையில் மெல்லக் கூட்டி, ஒரு லீற்றர் பாலுக்கு 15 கிராம் என்ற கணக்குக்கு வாருங்கள். 10 லீற்றர் கறக்கும் மாட்டுக்கு 150 கிராம். நம் ஊர் அளவுள்ள மாட்டுக்கு 200 கிராமைத் தாண்ட வேண்டிய தேவை வராது. கொடுக்கும்போது தவிட்டில் அரைக் கிலோவைக் குறைத்துவிடுங்கள். மேலே போட்ட கணக்கை நினைத்தால் ஏன் என்று விளங்கும்.

இன்னொன்று. இரவு ஊறப் போட்டுக் காலையில் புளித்துப் பொங்கி நிற்கும் புண்ணாக்குத் தண்ணீரில் கல்சியக் கொழுப்பைக் கொட்டாதீர்கள். புளிப்பு அதை வாளியிலேயே உடைக்கத் தொடங்கிவிடும். லேசாக ஈரமாக்கிய தவிட்டில் பிசைந்து, உடனே வையுங்கள்.

என்னுடைய மாடு ஐந்து லீற்றர்தான் கறக்கும். வாங்கவா?

வேண்டாம் அண்ணை. அந்தக் காசுக்கு சீ.ஓ. 3 புல் துண்டு வாங்கி வேலியோரம் நடுங்கள்.

8 லீற்றருக்குக் கீழே கறக்கும் மாட்டின் பசியைப் புல்லும், கிளிரிசிடியாக் குழையும், அளவான தவிடு புண்ணாக்கும் ஆற்றிவிடும். 10, 12 லீற்றருக்கு மேலே போகும் மாட்டுக்குத்தான் பைபாஸ் கொழுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். கணக்குச் சுலபம்: ஒரு கிலோவின் விலையை ஏழால் பிரித்தால் 150 கிராமின் ஒரு நாள் செலவு வரும். அந்தக் காசு எத்தனை லீற்றர் பாலின் விலை என்று பாருங்கள். இரண்டு கிழமை கொடுத்தும் அவ்வளவு பால் கூடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

தவிட்டைக் கூட்டினேன், எண்ணெய்ச் சத்து கூடியிருக்கும். ஆனால் பாலில் கொழுப்பு குறைந்து, விலையையும் குறைத்துவிட்டார்கள். எப்படி?

நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் நடக்கும். தவிட்டு எண்ணெய் நிறைவுறாத கொழுப்பு. முதல் இரைப்பை நுண்ணுயிர்கள் அதை மாற்றும்போது சில இடைப்பட்ட கொழுப்பமிலங்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்று, மிகச் சிறிய அளவில் மடிக்குப் போனாலே, மடி கொழுப்புச் செய்யும் வேலையைக் குறைத்துவிடும். நார் குறைந்து மாத்தீன் கூடியிருந்தால் இது இன்னும் மோசம். தவிட்டைக் குறைத்து, வெட்டிய புல்லும் வைக்கோலும் கூட்டுங்கள். இரண்டு மூன்று கிழமையில் கொழுப்பு அளவு மீண்டும் ஏறும்.

தவிடு பழையதா என்றும் பாருங்கள். நெல் தீட்டிய உடனேயே அதில் எண்ணெய் கெடத் தொடங்கும். நம் வெக்கையில் இன்னும் வேகமாக. ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்தி மூக்குக்கு அருகில் கொண்டு போங்கள். நல்ல தவிட்டில் இனிப்பான அரிசி வாசம். கெட்டதில் பழைய எண்ணெய்ச் சிக்கு வாசம், நாக்கில் வைத்தால் கசப்பு. ஒரு கிழமைக்கு, மிஞ்சினால் இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சீனக்குடா மா ஆலையின் கோதுமைத் தவிட்டில் எண்ணெய் 100க்கு 4 அளவில்தான். பாதிக்குப் பாதி மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பைபாஸ் கொழுப்பில், குறிப்பாகப் பால்மிட்டிக் அமிலம் கூடிய வகையில், பாலின் கொழுப்பு ஏறும். ஆனால் பால் புரதம் சற்று இறங்கலாம். கொழுப்பையும் மற்றத் திண்மங்களையும் சேர்த்துப் பார்த்து விலை போடும் இடத்தில் இரண்டையும் கவனிக்க வேண்டும்.

பைபாஸ் கொழுப்பில் கல்சியம் இருக்கிறதே, பால் காய்ச்சலைத் தடுக்குமா?

தடுக்காது. 100 கிராமில் 9 கிராம் கல்சியம்தான் உண்டு. பால் காய்ச்சல், இரத்தத்தில் கல்சியம் சட்டென்று இறங்குவதால், பெரும்பாலும் கன்று போட்டு மூன்று நாளுக்குள் வருவது. கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்து, காது குளிர்ந்து, எழும்ப முடியாமல் கிடந்தால் அது அவசரம். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். படுத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

கன்று போட்டு மூன்றாம் கிழமை. புண்ணாக்கை ஒதுக்குகிறது, வைக்கோலை மட்டும் கடிக்கிறது, பாலும் இறங்கிவிட்டது. சக்தி இல்லை என்று கொழுப்பைக் கூட்டவா?

கூட்ட வேண்டாம், தயவுசெய்து. இது கீட்டோசிஸ் நோயாக இருக்கலாம். மாட்டின் மூச்சை முகர்ந்து பாருங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல, அழுகிய பழம் போல ஒரு இனித்த வாசம் சிலருக்குத் தெரியும். எல்லார் மூக்குக்கும் அது எட்டாது. வாசம் இல்லையென்றால் நோய் இல்லை என்று எண்ண வேண்டாம்.

இங்கே குறைவது குளுக்கோஸ். ஒரு லீற்றர் பால் சுரக்கச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பிலிருந்து மாட்டால் குளுக்கோஸ் செய்ய முடிவது மிகச் சொற்பம். தானியமும் புல்லும் முதல் இரைப்பையில் செரித்து வரும் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்துதான் ஈரல் அதைச் செய்கிறது. குளுக்கோஸ் போதாத நிலையில் உடம்புக் கொழுப்பு முழுதாக எரியாமல் கீட்டோனாகிறது. அதன் மேல் இன்னும் கொழுப்பைக் கொடுப்பது ஈரலின் சுமையைக் கூட்டுவது. வைத்தியர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார், வாய்வழி புரோப்பிலீன் கிளைக்கோல் கொடுக்கச் சொல்வார். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

கொழுப்புக் கொடுத்தால் சீக்கிரம் சினைக்கு, அதாவது அடுத்த கன்றுக்குக் காளை தேடும் பருவத்துக்கு, வருமா?

உதவும். உடம்பு கரைவது நின்றால்தான் சூலகம் வேலை செய்யத் தொடங்கும். கொழுப்புக் கொடுக்கும்போது இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடும். சினையைக் காக்கும் புரொஜெஸ்தரோன் அதிலிருந்துதான் உருவாகிறது. ஆனால் தாது உப்பு இல்லாத மாடு, சினைக்கு வந்ததை யாரும் கவனிக்காத மாடு என்றால், கொழுப்பு அந்தக் குறையை நிரப்பாது. கன்று போட்டு 60 நாளுக்குப் பிறகும் சினைக்கு வராத மாட்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடுக்கலாமா?

அப்போதுதான் இது நன்றாகவே பயன்படும். வைக்கோல் நாரைச் செரிக்கும்போது மாட்டின் உடம்பில் நிறையச் சூடு பிறக்கும். கொழுப்பில் அந்தச் சூடு குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை மத்தியானத்தில் நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும் மாடு, வெயிலில் தின்னாது. செறிவுத் தீவனத்தையும் கொழுப்பையும் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். அதற்கு முன் தண்ணீர்: கறக்கும் மாடு ஒரு நாளைக்கு 60, 80 லீற்றர் குடிக்கும். குளத்துக்கு ஒரு நேரம் கூட்டிப் போவது போதாது.

கல்யாண வீட்டில் மிஞ்சும் நெய்ச்சோறு, கடைகளில் பொரித்த பழைய எண்ணெய்?

இரண்டும் வேண்டாம். சோறு நிறையப் போனால் இரைப்பை புளித்து, ஒரே இரவில் மாடு செத்தும் போகலாம். அந்தப் புளிப்பில் பைபாஸ் கொழுப்பும் உடைந்து வெறும் எண்ணெயாகிவிடும். பொரித்த எண்ணெய் ஏற்கனவே கெட்டுப்போனது.

பைபாஸ் கொழுப்பில் மிருகக் கொழுப்பு கலந்திருக்குமா?

கிண்ணியாவிலும் மூதூரிலும் இதைக் கேட்பவர்கள் அதிகம். கோயிலுக்குப் பால் கொடுப்பவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பரவலாக விற்பவை பாமாயிலில் செய்தவை. பையில் "தாவரக் கொழுப்பு" அல்லது "பாம்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் எழுதாத பையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதை வாங்க வேண்டாம்.

எருமைக்கு?

நம் பட்டி எருமைகள் சில லீற்றர்தான் கறக்கின்றன. அந்தப் பாலில் 100க்கு 7, 8 கொழுப்பு இயல்பாகவே இருக்கிறது. தயிருக்குக் கெட்டி வேண்டும் என்று கொழுப்பு வாங்க வேண்டியதில்லை.

எப்போது நிறுத்துவது?

கன்று போட்டு மூன்று மாதம் ஆனதும் பாருங்கள். பால் உச்சத்தைத் தாண்டி, மாடு வயிறாரத் தின்று, விலா மூடத் தொடங்கியிருக்கும். ஒரு கிழமையில் 150 கிராமை 100 ஆக்கி, 50 ஆக்கி, விட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கும் பையை வாய் இறுகக் கட்டி, வெயிலும் எலியும் படாத இடத்தில் வையுங்கள். சிக்கு வாசம் வந்துவிட்டால் அடுத்த மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.